வரிச்செம்பருத்தியும் என் தலைப்பாகையும்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மாப்பிள்ளை வந்திருந்தார். மகளைக் கட்டியவர் அல்ல. என் ஒரே தங்கை சொர்ணத்தைக் கட்டியவர். எங்கள் பக்கம் அவரையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம்.

வண்டியை விட்டு இறங்கியவர் கால் கழுவவில்லை. செம்பில் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய், கிணற்றடியில் நிற்கும் என் வரிச்செம்பருத்திக்கு முன்னால் நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்... குனிந்து பார்த்தார்... ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

நானும் பின்னாலேயே போய் நின்றேன். அவர் செடியைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மனிதரின் கையை ஏன் பார்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால், எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை மூன்று பேருக்குத்தான் அது தெரியும். இன்றைக்கு உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் எதிரில் இருந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. காகிதம் என்றால் கொஞ்சம் தைரியம் வரும். மாப்பிள்ளை படித்துவிடுவாரே என்ற பயமும் இல்லை. அவர் இங்கிலீஷ் பத்திரிகை தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

முதலில் அந்தச் செடி.

வரிச்செம்பருத்தியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணச் செம்பருத்தி மாதிரி ஆள் உயரத்துக்கு ஓடாது. இடுப்புக்குக் கீழேயே அடக்கமாக, கட்டிவைத்த மாதிரி நிற்கும். கோடையிலும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்காது. இலை ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பச்சையில் வெள்ளை தெளித்தது ஒன்று, வெள்ளையில் ரோஸ் ஓடியது ஒன்று, ஓரத்தில் மட்டும் செம்மை பூசியது ஒன்று. பூ சின்னதுதான், நல்ல சிவப்பு. ஆனால் பூவே இல்லாத நாளிலும் பூத்த மாதிரியே இருக்கும். அதுதான் அதன் திமிர்.

மாப்பிள்ளைக்கு அது கிடைத்த விதத்தைக் கேளுங்கள். அவர் தாலுகாக் கச்சேரி ஆபீஸில் கிளார்க். ஒரு துரைக்கு டிரான்ஸ்பர் வந்து, பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மாப்பிள்ளை ஒரு பிரம்பு நாற்காலி எடுத்தார். பக்கத்தில் உடைந்த மரத்தொட்டியில் ஒரு செடி இருந்ததாம். “இந்தத் தேமல் பிடிச்ச செடி யாருக்கு வேணும்? சும்மா கொண்டு போங்கய்யா” என்று அதையும் வண்டியில் ஏற்றிவிட்டார்களாம்.

சும்மா! நான் முப்பது வருஷமாகத் தோட்டம் போடுகிறேன். ராஜபாளையத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை எனக்கு. கடை நேரம் போக மிச்சமெல்லாம் கொல்லையில்தான். மல்லிகை, நந்தியாவட்டை, அரளி, அடுக்குச் செம்பருத்தி. எங்கள் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ, பூவுக்கு என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்டவனுக்குக் கிடைக்காதது, நாற்காலி வாங்கப் போனவருக்குக் கிடைத்தது.

முதல்தடவை அதைப் பார்த்தபோது நான் ஒரு தப்புச் செய்தேன். இலையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிய தோட்டக்காரன் என்ற நினைப்பில், “மாப்பிள்ளை, இது சீக்கு. சுண்ணாம்புத் தண்ணி தெளிச்சு விடுங்க” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? ஆபீஸ் முழுக்கச் சொன்னார். “எங்க மச்சான் செடி கொடி விஷயத்துல பெரிய ஆளு. வரியைப் பாத்து வியாதிங்காரு!” அந்த வருஷம் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்னைப் பார்த்து, “சுண்ணாம்புத் தண்ணி மச்சான் நீங்கதானா?” என்று கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தச் செடிப் பித்து.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் முதலில் செடியைக் காட்டுவார். அதற்கு ஒரு இங்கிலீஷ் பேரும் சொல்லுவார். போன தடவை சொன்ன பேர் இந்தத் தடவை இருக்காது. ஆனால் எனக்கு மூன்றாம் வகுப்பு; அவருக்கு மெட்ரிகுலேஷன். நான் எந்தப் பேரைத் தப்பு என்று சொல்வது?

அதுகூடப் பரவாயில்லை. சொர்ணம், “எங்க வீட்டுச் செடி மாதிரி இந்தத் தாலுகாவுலயே கிடையாது” என்று ஒருநாள் சொன்னாள். அதுதான் குத்தியது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போன பிறகு நான் தூக்கி வளர்த்த பெண் அவள். என் கொல்லையில்தான் தவழ்ந்தாள். “எங்க அண்ணன் கை வச்சா வெறகுக்கட்டையும் துளுக்கும்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள், இன்றைக்கு “எங்க வீட்டுச் செடி” என்கிறாள்! எது உன் வீடு?

ஒரு கிளை கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

“ஒரு கொப்பு கேளுங்களேன். மாட்டேன்னா சொல்லப்போறாக?”

மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதுதான் சிக்கல்! கேட்டால் கொடுப்பார். கொடுத்துவிட்டு, “எங்க மச்சானே கேட்டு வாங்கிட்டுப் போனாரு” என்று ஆபீஸில் சொல்வார். ஆறு தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன். ஆறு தடவையும், “மாப்பிள்ளை, மழை எப்படி?” என்று முடித்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அப்புறம் சொர்ணத்தின் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்தப் பதினொரு வருஷமும் அந்த வீட்டில் அவள் என்னென்ன கேட்டிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாம்பாளத் தட்டுகளோடு மூன்று வண்டியில் போனோம். என் கடைக்குப் பக்கத்துக் கடை ஜவுளி ராவுத்தரும் கூட வந்தார். நான் அவரை மாமா என்பேன். அவரும் என்னை மாமா என்பார். முதல்நாள் அவர் கடையிலேயே எட்டு முழத்தில் ஒரு தலைப்பாகைத் துணி எடுத்து, அவர் கையாலேயே கட்டிவிட்டிருந்தார்.

காலையில் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண்கள் உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வாசலில் பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் யாரும் இல்லை — நானும் அந்தச் செடியும்தான்.

இளவெயில் அதன் மேல் விழுந்திருந்தது. நடுவில் ஒரு கிளை... அதில் பச்சையே இல்லை. அடியிலிருந்து நுனிவரை வெள்ளை, ஓரத்தில் மட்டும் ரோஸ். என் கண் அதை விட்டு நகர மறுத்தது.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? கை போயிற்று. ‘டப்’பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கீழே கிடந்த வாழையிலைக் கிழிசலைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, கிளையை அதில் சுற்றினேன். எங்கே வைப்பது? மடியில் வெற்றிலைப் பை. கையில் மோதிரம் போடப்போகிறார்கள். சட்டையில் பை இல்லை. தலைக்கு மேலே எட்டு முழம் துணி சும்மாதானே இருக்கிறது? உச்சியில் மடிப்பை நெகிழ்த்திச் செருகிக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு இந்த மூளை போதாதா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அரை மணி நேரம்தான் அந்தப் பெருமை.

நான் அதற்கு முன் தாய்மாமனாக உட்கார்ந்ததில்லை. கூட்டத்துக்குப் பயந்து பிறர் வீட்டு விசேஷங்களில் நான் பின்வரிசையில் நின்றுவிட்டு வருகிறவன். முறைகளில் நான் கரைகண்டவன் அல்ல. என்னை ஜமுக்காளத்தில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் ஊர்ச்சனம். சுந்தரபாண்டியத்திலிருந்து மாப்பிள்ளையின் பங்காளிகள் மட்டும் இரண்டு வண்டி. சந்தனம் பூசினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தட்டில் புது உருமாலோடு வந்து நின்றார்.

“மருமகனே, பாகைய எடுங்க.”

அப்போதுதான் உறைத்தது. காது குத்துவதற்கு முன்னால் தாய்மாமனுக்கு உருமால் கட்டுவார்கள். பழைய தலைப்பாகையைத் தன் கையால் கழற்றி மடியில் வைக்க வேண்டும். வெறுந்தலையில் புதுத் துணியைக் கட்டுவார்கள். அது முடிந்துதான் பிள்ளை மடிக்கு வரும். பிள்ளை மடிக்கு வந்துதான் ஆசாரி ஊசியை எடுப்பார்.

“மருமகனே...”

“இருக்கட்டும் மாமா.”

“என்ன இருக்கட்டும்?”

“இதே இருக்கட்டும்.”

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தலைப்பாகையைக் கழற்ற மறுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரியாதையில் குறை கண்டுவிட்டார், கோபித்துக்கொண்டுவிட்டார். உருமால் வாங்காமல் அவர் எழுந்து போனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்துபோகும். அப்படி அறுந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் செத்தால்கூடத் தங்கையை அனுப்பமாட்டார்கள்.

என்ன குறை என்று கூட்டமே தேட ஆரம்பித்தது.

“வண்டிக்கு எதுக்கப் போயி யாருய்யா கூப்புட்டது? அவிய பாட்டுக்கு வந்தாக, அவிய பாட்டுக்கு உக்காந்தாக. கோவம் வராதா?” என்றார் சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர்.

“உருமாலைப் பாருங்க... ஒத்தக் கரை! தாய்மாமனுக்கு ஒத்தக் கரையா கட்டுவாக?”

ஒருவர் ஓடிப்போய் சரிகைக் கரை போட்ட வேறு உருமாலை எடுத்துவந்தார். நான் அதற்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து, என் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் ஏதோ பெரிய குறையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பி, அவர்களும் ஆளுக்கொன்றைக் கண்டுபிடித்தார்கள்.

“எங்க வண்டிமாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல!”

“எனக்கு வச்ச வெத்தலையில ரெண்டு அழுகல். நான் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.”

“ஏலே, தட்டையெல்லாம் எடுத்து வண்டியில ஏத்துங்கலே. அண்ணன் மனசு நொந்து போய் உக்காந்திருக்காரு. வாயத் தெறந்து பேசாத மனுசன், எம்புட்டு நொந்திருந்தா இப்பிடி இருப்பாரு!” இது என் பெரியப்பா மகன். நிஜமாகவே இரண்டு தட்டைத் தூக்கிவிட்டான்.

உச்சியில் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் மெதுவாக இறங்கிக் காதுக்குப் பின்னால் வந்து நின்றது. செம்பருத்தித் தண்டின் கொழகொழப்பு உங்களுக்குத் தெரியுமல்லவா? அதுவும் சேர்ந்து இறங்கியது.

மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. என் முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“மச்சான், நான் என்ன தப்புச் செஞ்சேன்? எதுவா இருந்தாலும் என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க. எந்திரிச்சு மட்டும் போயிராதீக.”

இந்த இடத்தில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுண்ணாம்புத் தண்ணி மச்சான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், மெட்ரிகுலேஷன், என் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்று இருந்தது. பொறாமை எப்படிப்பட்ட சாமான் பாருங்கள். தலையில் திருட்டை வைத்துக்கொண்டு, திருட்டுக்கொடுத்தவர் கும்பிடுவதை ரசிக்கச் சொல்கிறது!

நிமிர்ந்து பார்த்தேன். உள்வாசலில் சொர்ணம், இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மாமியார் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் சொர்ணத்தின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவது தெரிந்தது. பதினொரு வருஷம் குனிந்திருந்த அதே கழுத்து.

என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

கழற்றிவிடலாமா? கழற்றினால் கிளை விழும். தாய்மாமன் திருடன் என்று ஊர் சிரிக்கும். அந்தப் பேச்சையும் அவள்தான் இந்த வீட்டில் தினம் தினம் கேட்க வேண்டும். கழற்றாவிட்டால்... அண்ணன் வீடே இல்லாமல் போகும். நான் இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல — காதை. காதுக்குப் பின்னால் ஒழுகியதை. அப்புறம் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். செடியின் நடுவில் ஒரு முறிவு ஈரத்தோடு பளபளத்தது. மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு நேரே கூட்டத்துக்குள் வந்தாள்.

“மாமா, எங்க அண்ணனுக்குத் தலையில கொப்புளம். வைத்தியரு பச்சிலை வச்சுக் கட்டியிருக்காரு. இந்தா தண்ணி வடியிது பாருங்க. காத்துப் படக்கூடாது. நல்ல காரியத்துல அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. சின்னப்பிள்ளையிலருந்தே அவுகளுக்கு வாய் கெடையாது. பழைய பாகை மேலயே கட்டுங்க மாமா.”

மாப்பிள்ளையின் தகப்பனார் குனிந்து என் காதுக்குப் பின்னால் பார்த்தார்.

“அட ஆண்டவனே, ஆமா... பச்சையால்ல வடியிது! இம்புட்டுத்தானா மருமகனே? வாயத் தெறந்து சொல்லக்கூடாதா? எங்களுக்கெல்லாம் உசுரு போயி உசுரு வந்துருச்சு.”

பழைய தலைப்பாகைக்கு மேலேயே புது உருமாலைக் கட்டினார்கள். ஒத்தக் கரையா சரிகையா என்று சண்டை வந்துவிட்டதால் இரண்டையுமே கட்டினார்கள். வைக்கோல்படப்பு மாதிரி இருந்திருக்கும் என் தலை. பிள்ளையை மடியில் வைத்ததும் அண்ணாந்து என் தலையைப் பார்த்து வீறிட்டு அழுதான். ஆசாரி அப்போது ஊசியையே எடுக்கவில்லை.

அன்று முழுவதும் எல்லோரும் என்னிடம் கொப்புளத்தைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஒருவர் வேப்பங்கொழுந்து என்றார். ஒருவர் மஞ்சள் என்றார். சுந்தரபாண்டியத்துக் கிழவர் ஒருவர், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “செத்த நேரம் அவுத்துக் காட்டுங்க, எனக்கு மந்திரிக்கத் தெரியும்” என்று பாயசம் வரும்வரை கெஞ்சினார். பாயசத்தை நான் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டோம். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது சொர்ணம் தனியாக வந்தாள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் மண். மண்ணில் ஒரு சின்னக் கிளை, நாலு இலையோடு.

“இந்தா. ஒனக்குன்னு நாலு மாசமா வேர் பிடிக்க வச்சிருந்தேன். இன்னைக்குக் குடுக்கணும்னுதான் இருந்தேன்.”

நான் அதை வாங்கிப் பார்த்தேன். இலையில் பச்சைதான் அதிகம். ஓரத்தில் எலி கடித்த மாதிரி கொஞ்சம் வெள்ளை. இதைக்கூட எழுதித்தான் ஆக வேண்டும். என்னை அத்தனை பேர் முன்னால் காப்பாற்றியவள் கையிலிருந்து வாங்கிய அந்த நிமிஷத்திலும், ‘நல்லதை வைத்துக்கொண்டு கழித்ததைக் கொடுக்கிறாளே’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

“பச்சையா இருக்கே சொர்ணம்” என்றேன்.

“பச்சைதான் பொழைக்கும். மொதல்ல ஒனக்குன்னு நல்ல வெள்ளக் கொப்பாப் பாத்துத்தான் நட்டேன். நாலு நட்டேன். நாலும் செத்துப்போச்சு. பொறவுதான் தெரிஞ்சுச்சு. வெள்ளக் கொப்பு செடியில இருக்குறவரைக்கும்தான் அழகு. பச்சை இலையெல்லாம் சமைச்சுப் போடும், அது உக்காந்து தின்னும். தனியா வச்சா அதுக்கு ஒண்ணும் தெரியாது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒன் தலையில இருக்குறதும் பொழைக்காது அண்ணே.”

என் கை தலைப்பாகைக்குப் போயிற்று.

“மாப்பிள்ளைக்கு...” என்று இழுத்தேன்.

“அவியளுக்கு என்ன தெரியும்? அந்தச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணி அவிய ஊத்தி நான் பாத்ததில்ல. காட்டுறது அவிய, ஊத்துறது நான். பச்சையா ஓடுற கொப்பை மட்டும் அப்பப்ப வெட்டிவிடு. மத்ததெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான். கழனித்தண்ணி, மீன் கழுவுன தண்ணி.”

வண்டி நகர்ந்தது. நான் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக நான் யார் கைவண்ணத்தைப் பார்த்து வயிறு எரிந்தேன்? அவருடையது அல்ல. சொர்ணத்துடையது. சொர்ணத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கணக்குப் பார்த்தால் என்னைப் பார்த்து நானே எரிந்திருக்கிறேன். அந்த எரிச்சலுக்கு மருந்தும் கிடையாது.

ஊர் எல்லை தாண்டியதும் ராவுத்தர் என் தலையை உற்றுப் பார்த்தார்.

“என்ன மாமா, ஒத்த வீட்டை நான் கட்டிவிட்டேன். நீங்க மூணு மாடியாக்கிட்டுத் திரும்புறீக? கொப்புளமுன்னு சொன்னாக. நேத்து என் கையாலதான கட்டுனேன்? மண்டை வழுவழுன்னு இருந்துச்சே?”

அவிழ்த்துக் காட்டினேன். எட்டு முழத்துக்கு நடுவில், கசங்கிய வாழையிலைக்குள் அந்த வெள்ளைக் கிளை. அவர் சிரித்த சிரிப்பில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“இது கேட்டா குடுத்திருப்பாகளே?”

“அதனாலதான் கேக்கல.”

ராவுத்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “வெளங்குது மாமா, நல்லா வெளங்குது” என்றார். அவருக்கும் ஒரு தம்பி உண்டு. சாத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் பெரிய கடை.

இரண்டையும் கிணற்றடியில் நட்டேன். வெள்ளைக் கிளைக்குத்தான் அதிகக் கவனிப்பு. ஓலையில் நிழல் கட்டினேன். இரண்டு வேளை தண்ணீர். சொர்ணம் சொன்னது தப்பாக இருக்க வேண்டுமே என்ற ஆசை. ஒன்பது நாள் இருந்தது. கருகவில்லை, வாடவில்லை. கடைசிவரை அத்தனை அழகாக இருந்து, ஒருநாள் காலையில் இலையையெல்லாம் ஒரே அடியாகக் கீழே போட்டுவிட்டது.

சிரட்டைக் கிளை முதல் மாதம் சும்மா நின்றது. இரண்டாம் மாதம் துளிர்த்தது. துளிரில் வெள்ளை விழுந்தது, அப்புறம் ரோஸ். பச்சையாக ஓடிய கொப்பைச் சொர்ணம் சொன்ன மாதிரி வெட்டினேன். புண்ணாக்கு என் கடைச் சரக்கு; அதற்குப் பஞ்சமா? எட்டாம் மாதம் முழங்காலுக்கு மேலே வந்து, ஒரு குடை மாதிரி அடங்கி நின்று, போன வாரம் முதல் பூவும் விட்டது. நடுவில் ஒரு கிளை சுத்த வெள்ளையாகவே வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ராஜு ஐயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “பாக உந்தி, பாக உந்தி” என்று தெலுங்கில் மெச்சிவிட்டுப் போனார். அவரும் கேட்க வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செடிக்கு முன்னால்தான் போன வாரம் மாப்பிள்ளை நின்றார்.

“மச்சான், சொர்ணம் குடுத்த கொப்புல எங்க செடியைவிட வரி நல்லா விழுந்திருக்கே. என்ன போடுறீக?”

“ஒண்ணும் போடல மாப்பிள்ளை. தண்ணிதான்.”

“பூவும் பெருசு.”

“அப்படியா? நான் கவனிக்கல” என்றேன். ஏறக்குறைய மூன்று வருஷமாகக் காத்திருந்து சொன்ன வார்த்தை அது. சொன்னபோது நாக்கில் சர்க்கரை மாதிரி இருந்தது. இத்தோடு நின்றிருந்தால் எங்கள் கதை நல்லபடியாக முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“எங்க ஹெட் கிளார்க்கு ஒரு கொப்பு கேட்டுக்கிட்டே இருக்காரு மச்சான். எங்க செடியில ஒடிக்க எனக்கு மனசு வரல. இதுல ஒண்ணு குடுத்தீகன்னா... எங்க வீட்டுதுன்னு சொல்லிக் குடுத்துருவேன்.”

கேட்டுவிட்டார் பாருங்கள்! நான் ஆறு தடவை கேட்க முடியாததை, அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். கூச்சமில்லாதவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு பொறாமை உண்டு. அவர் சிரிப்பைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணி என்று சொல்லிச் சிரித்த அதே சிரிப்பு. என் செடி, ஆனால் பேர் அவர் வீட்டுக்கு.

“அதுக்கென்ன மாப்பிள்ளை” என்றேன். “நானே ஒடிச்சுத் தாரேன்.”

என் கையாலேயே ஒடித்துக் கொடுத்தேன் — இருப்பதிலேயே வெள்ளையான கிளையாகப் பார்த்து.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை வாடாமல் இருக்க, ஈர வாழையிலையில் சுற்றித் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று வழியும் சொல்லி அனுப்பினேன்.